வணக்கம் இருக்கட்டும், எரர் என்ன?

“எல்லோருக்கும் வணக்கம். நான் நிரலாக்கத்துக்குப் புதியவன். தப்பாக ஏதாவது கேட்டிருந்தால் மன்னிக்கவும். மூன்று நாளாக ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கோட் சரியாக வேலை செய்யவில்லை. ரொம்ப அவசரம். நாளைக்குள் முடித்தாக வேண்டும். யாராவது தயவுசெய்து உதவுங்கள். முன்கூட்டியே நன்றி.”

நிரலாக்க உதவி கேட்கும் இணையக் குழு எதையாவது ஒரு வாரம் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. ஆள் மாறும், வார்த்தை மாறும், உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. ஒன்பது வாக்கியங்கள். பணிவில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? எந்த மொழி என்று தெரியாது. என்ன செய்யப் பார்த்தார், திரையில் என்ன வந்தது, ஒன்றும் தெரியாது. “வேலை செய்யவில்லை” என்றால் நிரல் தொடங்கவே இல்லையா, தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டதா, கடைசிவரை ஓடித் தப்பான விடையைத் தந்ததா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வரும்: “கோட் எங்கே? எரர் என்ன?” கேட்டவருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். இவ்வளவு மரியாதையாகக் கேட்டோமே, பதிலுக்கு ஒரு வணக்கம்கூட இல்லையே என்று தோன்றும். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் இந்த இடங்களில் மரியாதை என்பதற்கு அளவுகோல் வேறு. எதிரே இருப்பவருக்கு உங்கள் திரை தெரியாது. இதற்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. தன் வேலைக்கு நடுவே ஒரு பத்து நிமிடத்தை ஒதுக்கி வந்திருக்கிறார். அதில் ஏழு நிமிடம் உங்களிடம் விவரம் பிடுங்குவதிலேயே கரைந்துபோனால், “தயவுசெய்து” என்று எத்தனை முறை எழுதியும் பயனில்லை. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேள்வியின் தொடக்கத்து வணக்கத்தையும் கடைசி நன்றியையும் மற்றவர்கள் திருத்தி நீக்கிவிடுவது சகஜம். புதியவர்கள் அதைக் கண்டு திடுக்கிடுவார்கள். நீக்குகிறவர் மனதில் இருப்பது ஒன்றுதான்: இந்தப் பக்கத்தைப் பின்னால் படிக்கப்போகிற ஆயிரம் பேருக்கு இந்த வரி தேவையில்லை.

இந்த வழக்கம் திடீரென்று முளைத்ததல்ல. 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்து உருவாக்கிய யூஸ்நெட்டில் இருந்தே இது தொடங்குகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குழு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் கல்லூரி திறக்கும்போது புது மாணவர்கள் கூட்டமாக உள்ளே வருவார்கள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள். பழையவர்கள் கொஞ்சம் திட்டி, கொஞ்சம் சொல்லிக் கொடுத்து, சில வாரங்களில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று ஒரு பட்டியலைத் தொகுத்து மாதாமாதம் போடும் பழக்கம் அங்கே பரவியதற்குக் காரணமும் இதே சலிப்புதான். 1993-ஐ ஒட்டி இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை யூஸ்நெட்டுக்குள் திறந்துவிட ஆரம்பித்தன. செப்டம்பரில் மட்டும் வந்த கூட்டம் வருடம் முழுக்க வரத் தொடங்கியது. சொல்லிக்கொடுக்கும் வேகத்தை வருகிறவர்களின் வேகம் மிஞ்சிவிட்டது. ‘முடியாத செப்டம்பர்’ என்று அதற்கு இன்றுவரை பெயர்.

1995 அக்டோபரில், ஆர்எஃப்சி எனப்படும் இணைய ஆவண வரிசையில் 1855 என்ற எண்ணோடு இணைய ஒழுங்குகளுக்கு ஓர் ஆவணம் வெளியானது. ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதங்கள் வெறுமனே படித்துக்கொண்டிருங்கள், அந்த இடத்தின் பழக்கவழக்கம் பிடிபடும் என்கிறது அது. நாளைக்குள் முடித்தாக வேண்டியவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். 2001-இல் திறமூல மென்பொருள் உலகைச் சேர்ந்த எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் கேள்வி கேட்பது எப்படி என்றே ஒரு நீண்ட வழிகாட்டி எழுதினார்கள். இந்தத் துறையில் அதிகம் சுட்டிக்காட்டப்பட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று. அறிவுரையில் பெரும்பகுதி இன்றும் செல்லும், தொனிதான் கரடுமுரடு. பல மென்பொருள் திட்டங்கள் தங்கள் உதவிப் பக்கத்தில் அதற்கு இணைப்புக் கொடுத்தன. விளைவு, அந்த மென்பொருள்களைப் பற்றிய சந்தேகங்களை ஆட்கள் இந்த ஆசிரியர்களிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். “நாங்கள் உங்கள் திட்டத்துக்கு உதவி மையம் இல்லை” என்று வழிகாட்டியின் தலையிலேயே எழுதிவைக்க வேண்டிய நிலை. எப்படிக் கேட்பது என்று சொல்லும் பக்கத்தைக்கூடப் படிக்காமல் கேட்கிறவர்கள் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சரி, முதலில் பார்த்த கேள்விக்கு வருவோம். கேட்டவரை இழுத்துப் பிடித்து விசாரித்தால் விஷயம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல். மாணவர்களின் மதிப்பெண்களை ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக்கோப்பு) படிக்கிறது, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறது, வரைபடம் போடுகிறது, கடைசியில் ஒரு ஜன்னலில் காட்டுகிறது. மொத்தம் 400 வரிகள். எரர் எதுவும் வரவில்லை. ஆனால் வரிசை தப்பு: 100 முதலில் நிற்கிறது, அப்புறம் 45, கடைசியில் 9.

400 வரிகளையும் அப்படியே ஒட்டிவிட்டால் ஆயிற்றா? யாரும் படிக்க மாட்டார்கள். அந்தக் கோப்பு அவர்களிடம் இல்லை, அதனால் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. இங்கேதான் அனுபவசாலிகள் எல்லோரும் கேட்கிற அந்த ஒரு பொருள் வருகிறது: பிழையைத் திரும்ப வரவழைக்கக்கூடிய மிகச்சிறிய நிரல். மூன்று நிபந்தனைகள். சிறியதாக இருக்க வேண்டும். வேறு எதையும் தேடிப் போகாமல் தனியாக ஓட வேண்டும். ஓட்டினால் அதே தப்பு வர வேண்டும்.

அதைச் செய்து பார்ப்போம். முதலில் ஜன்னல் தொடர்பான வரிகளைத் தூக்கிவிடுங்கள். தப்பு அப்படியே இருக்கிறது. வரைபடம்? தூக்குங்கள். இன்னும் இருக்கிறது. 400 வரி இப்போது 30 ஆகிவிட்டது. அடுத்து, கோப்பைப் படிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, 45, 9, 100 என்று மூன்று எண்களை நிரலிலேயே கையால் எழுதி அடுக்கச் சொல்லுங்கள். 9, 45, 100. சரியாக வருகிறது! தப்பு மறைந்துவிட்டது. அப்படியென்றால் கடைசியாக எதைத் தூக்கினோமோ அங்கேதான் கோளாறு. கோப்பிலிருந்து வந்த மதிப்பை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால் ஒவ்வோர் எண்ணும் மேற்கோள் குறிக்குள் நிற்கிறது: '45', '9', '100'. பைத்தானின் சிஎஸ்வி வாசிப்பான் தானாக எண்ணாக மாற்றாது, எல்லாவற்றையும் எழுத்துச்சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே, கொடுக்கும். எழுத்துச்சரங்களை அடுக்கும்போது அகராதியில் பார்ப்பதுபோல முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும். 1, 4, 9. ஆகவே 100 முந்திக்கொள்கிறது. எண்ணாக மாற்ற ஒரு வரி போதும்.

கவனித்தீர்களா, இதுவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்காகச் சுருக்கப்போய்ப் பிழையே கையில் சிக்கிவிட்டது. எனக்கே இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது; பாதி எழுதி, போடாமலேயே மூடிய கேள்விகள் போட்டவற்றைவிட அதிகம். ஒரு ரப்பர் வாத்து பொம்மையிடம் நிரலை வரி வரியாக விளக்கினால் பிழை பிடிபடும் என்று நிரலாளர்கள் சொல்வதன் பின்னால் இருப்பதும் இதே சங்கதிதான். ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் புரியவைக்கும்போதுதான் நாம் தாண்டிக் குதித்த படி கண்ணில் படும். அதனால் சிறிய நிரலைக் கொண்டுவா என்று கேட்பதைச் சடங்காகவோ புதியவரை விரட்டும் தந்திரமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சுருக்கும்போது ஒரு ஆபத்தும் இருக்கிறது. சிலர் சுருக்கியதை ஓட்டிப் பார்க்காமலே போட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் திரையைப் பார்த்துத் திரும்ப டைப் செய்வார்கள். அசல் நிரலில் விட்டுப்போன ஒரு அடைப்புக்குறி அந்தக் கை வேலையில் தானாகவே சரியாகிவிடும். அல்லது அசலில் இல்லாத புதுத் தப்பு ஒன்று நுழைந்துவிடும். உதவ வந்தவர் அந்தப் புதுத் தப்பைச் சுட்டிக்காட்ட, “அது டைப்பிங் மிஸ்டேக், அசலில் சரியாகத்தான் இருக்கு” என்று பதில் போக, ஒரு மணி நேரம் வீண். காப்பி, பேஸ்ட். இதில் மட்டும் வேறு வழியில்லை.

பிழைச்செய்திக்கும் அதே விதி. “ஏதோ டைப் எரர் என்று வந்தது” என்பது போதாது; முழுதாக வேண்டும். பைத்தானில் கடைசி வரிதான் முக்கியமானது: என்ன வகைப் பிழை, எதனால் என்று அது சொல்லும். அதற்கு மேலே இருப்பது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்ற தடம். புரியாத குப்பை என்று நினைத்து நாம் வெட்டி எறிகிற நடு வரியில்தான் பல நேரம் வரி எண் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் போடுவது ஏன் கூடாது என்பதில் புதியவர்களுக்கு எப்போதும் குழப்பம்; படத்தில் எல்லாம்தானே தெரிகிறது? தெரியும், ஆனால் எடுத்து ஓட்ட முடியாது. தேடுபொறியில் அந்த எரர் வாசகத்தைத் தேடுகிறவருக்கு இந்தப் பக்கம் அகப்படாது. பார்வையற்ற நிரலாளர்கள் திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறார்கள். படத்தில் இருக்கும் நிரலை அது நம்பும்படி வாசிக்காது. பொத்தான் இடம் மாறி நிற்கிறது, நிறம் தப்பாக வருகிறது போன்ற கண்ணால் பார்க்க வேண்டிய கோளாறுக்குப் படம் போடலாம், தாராளமாக. கைபேசியில் கோணலாக எடுத்த திரையின் புகைப்படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒட்டுவதற்கு முன் கடவுச்சொல், ஏபிஐ சாவி (வேறொரு சேவையை உங்கள் கணக்கில் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) மாதிரியானவை உள்ளே கிடக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். போட்ட பிறகு திருத்தினாலும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும் தளங்கள் உண்டு. தெரியாமல் போட்டுவிட்டால் அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுப்பதுதான் வழி.

இனி வேறு ஒரு வகைச் சிக்கல். விவரமெல்லாம் சரியாக இருக்கும், கேள்வியே வேறொன்றாக இருக்கும். ஒருவர் கேட்கிறார்: “ஜாவாஸ்கிரிப்டில் நிரலை 2 நொடி நிறுத்தி வைப்பது எப்படி?” தெளிவான கேள்வி, தெளிவான பதிலும் உண்டு. நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அவரும் நன்றி சொல்லிப் போய்விடுவார். மறுநாள் திரும்பி வருவார்: “என் கணினியில் சரியாக ஓடுகிறது, நண்பர் வீட்டில் ஓடவில்லை.” தோண்டினால் தெரிகிறது, அவருக்கு 2 நொடி நிற்க வேண்டிய தேவையே இல்லை. சர்வரிடமிருந்து ஒரு தகவல் வர வேண்டும். அது வருவதற்குள் அடுத்த வரி ஓடி, வெற்று மதிப்பைக் காட்டிவிடுகிறது. 2 நொடி தாமதித்தால் அதற்குள் வந்துவிடும் என்று அவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, அந்த வைத்தியத்துக்கு மருந்து கேட்டிருக்கிறார். அவருடைய இணைப்பு வேகமானது, நண்பருடையது மெதுவானது, அவ்வளவுதான். பதில் வரும்வரை காத்திரு என்று சொல்ல அந்த மொழியிலேயே அவெய்ட் என்ற சொல் இருக்கிறது. உண்மையான தேவையைச் சொல்லியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எக்ஸ்-ஒய் பிரச்சினை என்று இதற்குப் பெயர்: வேண்டியது எக்ஸ், கேட்பது ஒய். “எதற்காக இதைச் செய்ய நினைக்கிறீர்கள்?” என்று அனுபவசாலிகள் திருப்பிக் கேட்பது இதனால்தான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நீ யார் என்று விசாரிப்பதுபோல அது ஒலிக்கும், கோபம் வரும். நிறைய சண்டைகள் இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. கேட்கும்போதே “நான் இதை அடையப் பார்க்கிறேன், அதற்காக இப்படி முயன்றேன், இங்கே மாட்டிக்கொண்டேன்” என்று மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது.

உடனடி உரையாடல் நடக்கும் அரட்டைக் குழுக்களில் சம்பிரதாயம் இன்னும் சுருக்கம். 1988-இல் வந்த ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையின் காலம் தொட்டு அங்கே ஒரு சொல் வழக்கு: கேட்கலாமா என்று கேட்காதே, கேள். “பைத்தான் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று ஒருவர் எழுதுகிறார். இருக்கிறார்கள், ஆனால் என்ன கேள்வி என்று தெரியாமல் “நான் இருக்கிறேன்” என்று கை தூக்க யாருக்கு மனம் வரும்? முழுக் கேள்வியையும் போட்டுவிட்டுப் போனால் உலகின் வேறு மூலையில் விழித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பார்த்துப் பதில் போட்டுவைப்பார். ஒரே கேள்வியை ஐந்து இடங்களில் ஒரே நேரத்தில் போடுவதும் எரிச்சலைக் கிளப்பும். ஓர் இடத்தில் தீர்ந்துபோனது தெரியாமல் இன்னொரு இடத்தில் ஒருவர் மூளையைக் கசக்கிக்கொண்டிருப்பார். போட்டே ஆக வேண்டுமென்றால் மற்ற இடத்தின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

இவ்வளவும் கேட்பவருக்குச் சொன்னது. பதில் சொல்கிற பக்கத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. “கூகுள் பண்ணிப் பாருங்கள்” என்று ஒருவர் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறார். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதையே தேடும்போது முதலில் வந்து நிற்பது எது? அந்தப் பக்கம்தான். கூகுள் பண்ணித்தான் இங்கே வந்தேன் ஐயா என்று அவர் யாரிடம் சொல்வார்?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு கேள்வியும் காலத்துக்கும் நிற்கிற ஒரு குறிப்பாக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தளம் தன்னை ஒரு நூலகமாக நினைத்துக்கொள்கிறது; உள்ளே வருபவரோ அவசர சிகிச்சைப் பிரிவு என்று நினைத்து ஓடி வருகிறார். இருவருக்கும் இடையில் நடக்கும் உரசலில் பாதி இந்த வித்தியாசத்தில் இருந்து வருவது. அதன் விதிகளும் புதியவருக்கு லேசாகப் புரிபவை அல்ல. மற்றவர்களின் பதிவில் கருத்துச் சொல்ல, எழுதியதற்கு மற்றவர்கள் வாக்களித்துச் சேரும் புள்ளிகள் 50 வேண்டும். புள்ளி இல்லாதவர், “எனக்கும் இதே பிரச்சினை, தீர்ந்ததா?” என்று கேட்கத் திறந்திருக்கும் ஒரே பெட்டியில், அதாவது பதில் எழுதும் பெட்டியில், எழுதுகிறார். அது பதில் இல்லை என்று நீக்கப்படுகிறது. அவர் செய்த தப்பு என்ன என்று அவருக்குக் கடைசிவரை விளங்காது. 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது: புதிதாக நிரல் எழுதுபவர்களும் பெண்களும் கருநிறத்தவர் உள்ளிட்ட விளிம்புநிலையினரும் இந்த இடத்தைப் பகைமை நிறைந்ததாக உணர்கிறார்கள், இதை மாற்ற வேண்டும் என்று. அதே ஆண்டு நடத்தை விதிகள் மாற்றி எழுதப்பட்டன. முதல்முறை வருபவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘புதிய பங்களிப்பாளர்’ என்ற அடையாளமும் வந்தது, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்பதற்காக. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. ஒரு வாரம் ஆவதற்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அது எழுதித்தரும் பதில்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது: பார்க்க நன்றாக இருக்கின்றன, நிறைய தப்பாக இருக்கின்றன, சரிபார்க்க முடியாத வேகத்தில் குவிகின்றன. இப்போது அடிப்படைச் சந்தேகங்கள் பெரும்பாலும் இயந்திரத்திடமே போய்விடுகின்றன. அது முகம் சுளிக்காது, டூப்ளிகேட், அதாவது ஏற்கெனவே கேட்ட கேள்வி, என்று மூடாது. ஆனால் 2 நொடி நிறுத்துவது எப்படி என்று கேட்டால் பல நேரம் அதையே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், எதற்கு என்று கேட்காது. மனிதர்களிடம் வருகிற கேள்விகளிலும் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது: இயந்திரம் எழுதிய 200 வரிகள், அதில் ஒரு வரிகூடக் கேட்பவருக்குப் புரியவில்லை. அப்படியென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் யோசித்து எழுதியது என்று நம்பி, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார் பதில் சொல்கிறவர்.

மதிப்பெண் நிரலை எழுதியவர் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தார் இல்லையா? அவர் அதைக் கேள்வியாகவும் அதற்குக் கீழே பதிலாகவும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போடலாம். தன் கேள்விக்குத் தானே பதில் எழுத அங்கே அனுமதி உண்டு. போட்டால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் யாராவது டூப்ளிகேட் என்று முத்திரை குத்தி, எழுத்துச்சரங்களை எண்ணாக மாற்றி அடுக்குவது பற்றிய பழைய கேள்வி ஒன்றுக்கு இணைப்புப் போட்டு மூடிவிடுவார்கள். மனது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் மூடிய கேள்விகள் எல்லாம் அழிக்கப்படுவதில்லை. அந்தப் பழைய கேள்வியைத் தேடிக் கண்டுபிடிக்க ‘எழுத்துச்சரம்’ என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவருக்குப் பிரச்சினையே பாதி தீர்ந்த மாதிரி. அடுத்த வருடம் இதே பள்ளத்தில் விழப்போகிறவருக்கு அது தெரியாது. “மதிப்பெண் வரிசை தப்பாக வருகிறது, 100 முதலில் நிற்கிறது” என்றுதான் அவர் தேடுவார். அவர் தேடும் சொற்கள் இருப்பது மூடப்பட்ட அந்தப் பக்கத்தில். அதன் மேலேயே இணைப்பு இருக்கும், ஒரு சொடுக்கில் பதிலுக்குப் போய்விடுவார்.